அலமாரிக்கு ஓர் அழுகை

ஃப்ளாரன்ஸில் பெல்லாந்தி என்றொரு பழம்பொருள் வியாபாரி. புது அலமாரியைப் பழசாக்கி, துணி வைக்கப் பெட்டிகூட இல்லாத சலவைக்காரி அசுந்தா வீட்டில் கொண்டுபோய் வைத்தார்.

"நாளைக்கு அமெரிக்கக் கோடீஸ்வரர் வருவார். பரம்பரைச் சொத்து, விக்க மாட்டேன்னு அழு. அப்பதான் விலை ஏறும்."

"இன்னிக்கு வந்த அலமாரிக்கு எப்படிங்கய்யா அழுகை வரும்?"

"வரணும்!"

மறுநாள் ஊரே வேடிக்கை பார்க்க, "முந்நூறு வருஷமா இவ குடும்பத்துச் சொத்து!" என்று மாதா மேல் சத்தியம் செய்தார் பெல்லாந்தி. அசுந்தா அலமாரியைக் கட்டிக்கொண்டு அழுதாள். கோடீஸ்வரர் விலையை ஏற்ற ஏற்ற அழுகையும் ஏறியது. கடைசியில் அவரே கண்கலங்கி, "இதை இவங்ககிட்டயிருந்து பிரிச்சா பாவம்" என்று வாங்காமலே கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் பெல்லாந்தி வண்டியோடு வந்தார். "என் அலமாரியைக் கொடு!"

அசுந்தா அதில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். "உங்களுதா? ஊரறிய மாதா மேல சத்தியம் பண்ணினீங்களே!"

பெல்லாந்திக்கு அழுகை வந்தது, யாரும் சொல்லாமலே.