பனித்தயிரில் நனைந்த வால்

அந்தக் காலத்தில், மிருகங்களும் பறவைகளும் மனிதரைப்போலவே வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தபோது, மேற்கு மலை உச்சியில் ஒரு புல்வெளி இருந்தது. பனிக்காலம் வந்தால் இரவில் அங்கே புல்லெல்லாம் வெள்ளை பூத்து உறைந்துபோகும். அந்தப் புல்வெளியில் காடாத்தா என்ற எருமை இருந்தது. அதன் பாலுக்கு மலையெங்கும் பேர்.

காடாத்தா பாலைச் சுண்டக் காய்ச்சும். தேன் ஊற்றும். பானையைப் பனியில் வைத்துவிடும். விடிந்தால் பால் கெட்டியாக உறைந்து, வாயில் வைத்ததும் கரையும். அதுதான் பனிப்பாலாடை. தின்றவர் எவரும் அரைநாளைக்கு எழுந்திருக்க மாட்டார். கரடி மலையப்பன் ஒருமுறை தின்றுவிட்டு, குகை எந்தப் பக்கம் என்பதே மறந்து அங்கேயே படுத்துவிட்டது.

மலையில் ஒரு வழக்கம் உண்டு. விருந்து என்றால் கடைசியில் தயிர் வந்தாக வேண்டும். தயிர் வரும்வரை யாரும் எழக்கூடாது, வந்தபின் யாரையும் நிறுத்தக்கூடாது. காடாத்தா பாலாடையை வாரி வாரி வைக்கும். தயிரை மட்டும் கண்ணில் காட்டாது. அதன் மனசு அதற்குத்தான் தெரியும்.

பனிக்காலத்துக்கு வடக்கேயிருந்து வந்து தங்கும் குருவிக் கூட்டத்தில் மஞ்சாயி என்று ஒருத்தி. மஞ்சள் வயிறு, நீளமான கறுத்த வால். அவளுக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. பானை விளிம்பில் நடப்பாள், கல்லுக்குத் தாவுவாள், திரும்ப விளிம்புக்கு வருவாள். கூட்டத்தின் மூத்த குருவி சொல்லியாகிவிட்டது: "நாளைக்கு வெயில் பாறை மேல விழுந்ததும் கெளம்பறோம். எந்திரிக்க முடியாதவ இங்கயே இருந்துக்கட்டும். காத்திருக்க மாட்டோம்." போன வருஷம் மரியாதைக்காக ஒரு நாள் கூடுதலாகத் தங்கிய மஞ்சாயியின் தங்கை, பிறகு தனியாகப் பறந்தாள். வடக்கே போய்ச் சேரவில்லை.

மஞ்சாயி இறக்கையை விரித்துப் பார்த்தாள். சில நாளாகத் தின்ற பாலாடை வயிற்றில் கல்லாகக் கிடந்தது. முழங்கால் உயரம்கூட எழும்பவில்லை.

"பெரியம்மா, தயிர் ஊத்துங்க. நாளைக்கு நான் போயாகோணும்."

"என்ன அவசரம் கண்ணு? இன்னொரு வாய் பாலாடை தின்னு."

"வயிறு தாங்கலைங்க பெரியம்மா."

"நாளைக்கு ஊத்தறன். இப்ப தின்னு."

நேற்றும் இதைத்தான் சொன்னது, முந்தாநாளும் இதைத்தான். வெறும் வார்த்தை இலைக்குத் தயிராகுமா?

உச்சிப்பொழுதில் காடாத்தா சேற்றுக்குட்டையில் போய் ஊறியது. காய்ச்சிய பால் பெரிய பானையில் வெதுவெதுவென்று ஆறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் தயிர்ச்சட்டி, இலை போட்டு மூடி. மஞ்சாயி இலையை அலகால் தள்ளினாள். இப்படிப் பார்த்தாள், அப்படிப் பார்த்தாள். வாலைத் தயிரில் முக்கினாள். பெரிய பானை விளிம்புக்குத் தாவி, அந்த வாலாலேயே பாலை ஒரு கலக்குக் கலக்கினாள். அன்று மாலை பாலாடையை அவள் தொடவே இல்லை.

பொழுது சாய்ந்து காடாத்தா வந்து பானையைப் பார்த்தது. பால் கட்டியாக நின்றது. வேறு யாராயிருந்தாலும் மோந்து பார்த்திருப்பார்கள். காடாத்தாவுக்குத் தன் பால்மேல் அவ்வளவு பெருமை. "பாத்தீங்களா, இன்னைக்குப் பால் எப்படி கெட்டியா இருக்குதுன்னு," என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே தேனைக் கலந்து பனியில் வைத்தது.

விடிந்தது. குருவிகள் பாறையில் வரிசையாக நின்றன. மலையப்பன் முதல் இலையை நக்கியது. புருவத்தைச் சுருக்கியது. இன்னும் ஒன்று கேட்டது, பிறகும் ஒன்று.

"ஏனுங்க காடாத்தா, கொஞ்சம் புளிக்குது. ஆனா எவ்வளவு தின்னாலும் வயிறு சிவனேன்னு கெடக்குது," என்று சொல்லிவிட்டு எழுந்து நடந்தது.

காடாத்தா ஒரு வாய் தின்றது. "இது தயிரு," என்றது. தயிர் இலைக்கு வந்துவிட்டது. விருந்து முடிந்துவிட்டது. "ஆரு உறை குத்துனது?"

மஞ்சாயியின் வால் ஓரங்களில் தயிர் வெள்ளை வெள்ளையாக உறைந்து நின்றது. அவள் மறைக்கப் பார்க்கவில்லை.

"நான்தானுங்க. கேட்டுக் கேட்டு ஓஞ்சுபோனன்."

"கேட்டதான். நாந்தான் காதுல போட்டுக்கல." காடாத்தாவின் குரல் இறங்கிவிட்டது. "நீங்கல்லாம் போயிட்டா இந்தப் புல்லு மேல எனக்கு ஆரு இருக்கா?"

மஞ்சாயிக்கு அழுகை முட்டியது. அழ நேரமில்லை, பாறையில் வெயில் விழுந்துவிட்டது. "என் தங்கச்சி இருந்து பாத்தா பெரியம்மா. அவ இல்லாம போயிட்டா. நான் போனாத்தான் திரும்ப வர முடியும்."

அந்தத் தங்கையையும் நாளைக்கு நாளைக்கு என்று இருத்திவைத்தது தான்தான் என்பது காடாத்தாவுக்கு உறைத்தது. பானையைக் குருவியின் பக்கம் மூக்கால் தள்ளியது. "தின்னுட்டுப் போ."

மஞ்சாயி தின்றாள். வயிற்றில் கிடந்த கல் இளகிற்று. எழும்பினாள், தாழ்ந்தாள், மறுபடி எழும்பினாள். கூட்டத்தை எட்டிப் பிடித்துவிட்டாள். வாலில் உறைந்த தயிர் மட்டும் எவ்வளவு உதறியும் விழவில்லை.

அன்று முதல்தான், பனிப்பாலாடை தின்றவர் சாய்ந்துவிட்டாலும் பனித்தயிர் தின்றவர் எழுந்து நடக்கிறார்; மஞ்சாயி வழி வந்த வாலாட்டிக் குருவி எந்த மண்ணில் இறங்கினாலும் வெள்ளை ஓர வாலை ஆட்டிக்கொண்டே இருக்கிறது; போகிற விருந்தாளி கேட்கும் முன்பே எருமை தயிரை எடுத்து வைத்துவிடுகிறது.