உடைக்கிற கிட்டார்

குரு என்றால் தாடி இருந்தாக வேண்டும் என்று எங்கும் சட்டம் இல்லை. பெரம்பூரில் ஒரு டயர் கடைக்கு மாடியில் கிட்டார் கற்றுக்கொடுத்த ஜெசிந்தாவுக்குத் தாடி கிடையாது. தாடி சீடனுக்குத்தான். தயாளன் அவளைவிடப் பத்து வயது பெரியவன். காதோரம் நரை வேறு. 'கந்தகம்' என்ற ராக் இசைக்குழுவின் பாடகன்.

கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, உலகத்தின் மேல் உள்ள கோபத்தையெல்லாம் மைக்கில் கத்திவிட்டு, கடைசிப் பாட்டில் ஒரு கிட்டாரை மேடையில் அடித்து உடைப்பான். அந்த உடைப்பைப் பார்க்கவே பையன்கள் வந்தார்கள்.

உடைக்கத் தெரிந்தவனுக்கு வாசிக்கத் தெரியாது. அதைக் கற்றுக்கொள்ளத்தான், வெளியே மூச்சுவிடாமல், அவளிடம் வந்துகொண்டிருந்தான்.

அன்று சாயங்காலம் மாடியேறி வந்தவன் கிட்டாரைத் தொடவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"மிஸ், எனக்கு ஒண்ணும் புரியல."

"எந்தப் பாடம்?"

"பாடம் இல்ல மிஸ். கம்பெனி."

ஜெசிந்தா மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்தாள். அவன் சொன்னான்.

'கெட்டிப்பிடி' என்று ஒரு பசைக் கம்பெனி. சனிக்கிழமை தீவுத்திடலில் கந்தகத்தின் கச்சேரிக்கு முழுச் செலவும் அவர்களுடையது. இதுவரை கல்லூரி மைதானம், கல்யாண மண்டபம் என்று கத்திக்கொண்டிருந்த குழுவுக்கு அது பெரிய மேடை. மார்க்கெட்டிங்கிலிருந்து பிரணவ் என்று ஒரு பையன் கூப்பிட்டனுப்பினான்.

"'சார், உங்க கோபம் ரொம்ப ஆத்தென்டிக். அதை எங்க பிராண்ட் வேல்யூஸோட அலைன் பண்றோம்'னு சொன்னான் மிஸ்."

"அப்படின்னா?"

"தெரியல. தலையாட்டிட்டேன்."

தலையாட்டிய பிறகுதான் விஷயம் வந்திருக்கிறது. தயாளன் மேடையில் கிட்டாரை உடைக்க வேண்டும். உடைத்த கையோடு குழு மொத்தமும் அங்கேயே உட்கார்ந்து கெட்டிப்பிடி போட்டு அதை ஒட்ட வேண்டும். பின்னால் திரையில் பெரிய எழுத்தில், 'உடைவது உணர்வு. ஒட்டுவது உறவு.'

"எனக்கு வந்தது பாருங்க ஆத்திரம்! டேபிளைத் தட்டி எழுந்துட்டேன். 'என் கோபம் விற்பனைக்கு இல்ல'ன்னு கத்தினேன்."

"அப்புறம்?"

"கை தட்டினாங்க மிஸ்."

"யாரு?"

"எல்லாரும். பிரணவ் அதை போர்டுல எழுதிக்கிட்டான். இப்ப அதுதான் போஸ்டர். 'என் கோபம் விற்பனைக்கு இல்லை.' கீழே பசை டப்பா."

வேறு யாராவது இருந்தால் சிரித்திருப்பார்கள். ஜெசிந்தா சிரிக்கவில்லை. "வேண்டாம்னு சொல்லிட வேண்டியதுதானே?" என்றாள்.

"சொன்னா கச்சேரியே கிடையாது. டிரம்ஸ் வாசிக்கிற புகழ் இதை நம்பி இருந்த வேலையையும் விட்டுட்டு நிக்கறான். சரின்னு சொன்னா, நாளைக்கு எவன் என் கோபத்தை மதிப்பான்? பசை விக்கிறவன்னு சிரிப்பான். நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும். எது சரி, நீங்களே சொல்லுங்க மிஸ்."

"அந்தக் கிட்டாரை எடுத்துட்டு வாங்க."

"எந்தக் கிட்டார்?"

"உடைக்கிற கிட்டார்."

தயாளனின் முகம் விழுந்துவிட்டது. கச்சேரிக்குக் கச்சேரி புதுக் கிட்டார் உடைக்க அவன் என்ன ஜமீன் பரம்பரையா? மூர் மார்க்கெட்டில், கம்பிகூட இல்லாமல், அடிமாட்டு விலைக்குப் பிடித்த கிட்டார் ஒன்றுதான். கடைசிப் பாட்டுக்கு முன் திரைக்குப் பின்னாலிருந்து கைக்கு வரும். உடையும். வீட்டுக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். அடுத்த கச்சேரியில் மறுபடி உடையும். குழுவைத் தவிர ஈ காக்கைக்குக்கூட இது தெரியாது என்று அவன் நம்பிக்கொண்டிருந்தான்.

"உங்களுக்கு எப்படி மிஸ் தெரியும்?"

"கச்சேரி முடிஞ்ச வாரமெல்லாம் உங்க விரல்ல பசை காஞ்சிருக்கும். ஸ்ட்ரிங்கை அழுத்தவே முடியாம தவிப்பீங்க."

அவன் பைக்கை எடுத்துக்கொண்டு போய், ஒரு பழைய பெட்ஷீட்டில் சுற்றிக் கொண்டுவந்தான். இரண்டு துண்டு. ஜெசிந்தா கழுத்துத் துண்டை எடுத்து விளக்கடியில் பார்த்தாள். முறிந்த இடத்தில் பசை மேல் பசையாக, மஞ்சளாகத் தடித்திருந்தது.

"என்ன போட்டு ஒட்டுறீங்க?"

தயாளன் ஜன்னலைப் பார்த்தான்.

"கெட்டிப்பிடி," என்றான்.

"நல்லா பிடிக்குதா?"

"கொஞ்சமாத்தான் வைப்பேன் மிஸ். நிறைய வெச்சா உடையாது. ஒருவாட்டி தாம்பரத்துல உடையவே இல்ல. என் தோள்பட்டைதான் கழண்டுச்சு."

"மேடையில அவங்க செய்யச் சொல்றது..."

"நான் வீட்ல செய்யறதுதான்," என்று அவனே முடித்தான். முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று காதில் விழுந்தது. வந்தபோது இருந்த குழப்பம் இப்போது இரண்டாயிற்று. "அப்ப யார் மிஸ் பொய் சொல்றது? அவங்களா? நானா?"

ஜெசிந்தா மேஜை டிராயரைத் திறந்து ஒரு பிளேடை எடுத்து நீட்டினாள்.

"சுரண்டுங்க."

"எதை?"

"பழைய பசையை. மரம் தெரியற வரைக்கும்."

அவன் சுரண்டினான். எளிதில் போகவில்லை. ஒவ்வொரு படலமும் ஒரு கச்சேரி. எது எந்த ஊர் என்று அவனுக்கே தெரியவில்லை. நடுவில் பிளேடு கிழித்து விரலில் ரத்தம் வந்தது. அவள் பழந்துணி ஒன்றைக் கிழித்துச் சுற்றிவிட்டாள். கடைசியில் பழுப்பாக மரம் தெரிந்தது. அந்தக் கிட்டாரின் மரம் என்ன நிறம் என்று அவன் அன்றுதான் பார்த்தான்.

"இப்ப பசை வைங்க. கஞ்சத்தனம் பண்ணாம."

வைத்தான். இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்தான். அவள் கீழே டயர் கடைக்காரரிடம் பழைய டியூபில் ஒரு நீளம் வெட்டி வாங்கிவந்து, கழுத்தை இறுகச் சுற்றிக் கட்டினாள்.

"நாளைக்கு வாங்க."

"பதில் மிஸ்?"

"காயட்டும்."

மறுநாள் முழுக்கத் தயாளனுக்குச் சோறு இறங்கவில்லை. புகழ் நாலு முறை போன் செய்தான். "அண்ணே, சரின்னுடுங்க. ஒட்டுறதுதானே? எனக்கென்ன, நான்கூட ஒட்டறேன்," என்றான். வெயில் இறங்குவதற்கு முன்பே தயாளன் மாடியேறிவிட்டான்.

ஜெசிந்தா கிட்டாரைத் தயாராக வைத்திருந்தாள். டியூப் அவிழ்ந்திருந்தது. ஆறு கம்பிகளும் போட்டுச் சுருதி சேர்த்திருந்தாள்.

"இதுல ஸ்ட்ரிங் போட்டதே இல்ல மிஸ்," என்றான் அவன். "உடைக்கத்தானே வாங்கினது."

"வாசிங்க."

மடியில் வைத்துக்கொண்டான். பயந்து பயந்து ஒவ்வொரு கம்பியாகத் தட்டினான். சத்தம் வந்தது. தடித்த கம்பி லேசாக இரைந்தது, ஜலதோஷம் பிடித்தவன் பேசுவதுபோல. ஆனால் உள்ளே எங்கேயோ ஒரு கனிவு இருந்தது. அவள் வகுப்பில் இருந்த புதுக் கிட்டார்கள் எதிலும் அது இல்லை. அவனுக்குத் தெரிந்தது மூன்றே பாட்டு. மூன்றையும் வாசித்தான். தப்பு வந்தபோது நிறுத்தித் திருத்தி வாசித்தான். துணி சுற்றிய விரல் வலித்தது. அவனுக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. கம்பெனிக்குப் பதில் சொல்லவேண்டிய நாளில் இப்படி ஒரு சந்தோஷம் எதற்கு வருகிறது என்று விளங்கவில்லை.

போன் அடித்தது. பிரணவ்.

"சார், யெஸ்தானே? டீம் ஃபுல்லா ரெடி. ஒரே ஒரு கன்ஃபர்மேஷன். வழக்கம்போல கடைசிப் பாட்டு, ரெண்டாவது சரணம் முடிஞ்சதும்தானே உடைக்கிறீங்க? கரெக்டா அந்த செகண்ட் ஸ்கிரீன்ல நம்ம டப்பா வரணும். எப்போன்னு மட்டும் சொல்லிடுங்க சார்."

தயாளன் போனைக் கையால் பொத்திக்கொண்டான். கிட்டார் இன்னும் மடியில்தான் இருந்தது.

"மிஸ், எப்போ உடைப்பேன்னு கேக்கறாங்க."

ஜெசிந்தா அடுத்த வகுப்புக்கு ஸ்டூல்களை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"கோபம் வர்றப்போன்னு சொல்லுங்க அண்ணா," என்றாள்.