சோதனைமுத்து பிடித்த முகூர்த்தம்

கோவில்பட்டி பைபாஸ் ரோட்டில், டயர் கடைக்கு மாடியில், மூன்று பேர் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி நடத்தினார்கள். மாசானம், தங்கப்பழம், எபனேசர். மூவருக்கும் ஒரு நல்ல பேர் உண்டு: சொன்ன சொல்லைத் தட்டமாட்டார்கள். அதனாலேயே ஊரில் எல்லாரும் அவர்களிடம் எதையும் சொல்லப் பயப்படுவார்கள்.

பயப்படாதவர் பிச்சைக்கண்ணு அண்ணாச்சி ஒருவர்தான். தன் கல்யாண மண்டபத்துக்கு, வீட்டிலிருந்தபடியே தேதி பிடிக்கிற மாதிரி இவர்களிடம் ஒரு வெப்சைட் செய்து வாங்கினார். அது அடிக்கடி மக்கர் பண்ணியது. "மணிக்கொரு தரம் சோதிச்சுப் பாருங்கப்பா. நெசமாவே ஒருத்தன் வந்து தேதி பிடிச்சா எப்படியோ, அப்படியே பாக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். கெட்டது போங்கள்.

மணிக்கொரு தரம் மனுஷன் உட்கார்ந்து அமுக்கிக்கொண்டிருந்தால் விரல் தேய்ந்துவிடாதா? பெரிய கம்பெனிகள் இதற்கென்று திரையில்லாத பிரவுசர் வைத்திருக்கின்றன. அது எதையும் திரையில் காட்டாது. உள்ளுக்குள்ளேயே பக்கத்தைத் திறக்கும், ஃபாரத்தை நிரப்பும், பட்டனை அமுக்கும், எல்லாம் சரியாக நடக்கிறதா என்று பார்த்துச் சொல்லும். மாசானத்தின் சென்னை சிநேகிதன் போனில் இதை விளக்கி, "அது பாட்டுக்கு ஓடும், யாரும் பாக்க வேண்டாம்" என்றான்.

அன்றே மூவரும் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு, கம்ப்யூட்டருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்கள். எபனேசருக்குக் கழுத்து அடிக்கடி திரும்பியது. அதனால் கம்ப்யூட்டர்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார்கள்.

சிநேகிதன் இன்னொன்றும் சொல்லியிருந்தான். வெப்சைட்டுக்கு ஒரு நகல் எடுத்து, சோதனையை நகலில்தான் ஓட்ட வேண்டுமாம். இதைப் பற்றி அரைநாள் விவாதம் நடந்தது.

"நகல்ல சோதிச்சா நகல்தான பாஸாகும்?" என்றான் தங்கப்பழம்.

"அண்ணாச்சி 'நெசமாவே'ன்னு சொன்னாரா இல்லையா?" என்றான் எபனேசர்.

மாசானம் கண்ணை மூடி யோசித்தான். "பரீட்சைக்கு நீ போகாம உன் போட்டோவ அனுப்பினா ஒத்துக்குவாங்களா? அசல்லயே ஓட்டுலே."

ஓட்டினார்கள். ஃபாரத்தில் மாப்பிள்ளை பேர் கேட்ட இடத்தில் சோதனைமுத்து என்று போட்டார்கள். மணிக்கொரு முகூர்த்தமாக சோதனைமுத்து பிடித்துக்கொண்டே போனான். மூன்றே நாளில் அடுத்த சித்திரை வரைக்கும் ஒரு தேதி பாக்கியில்லை. அண்ணாச்சிக்கு ஒரே பூரிப்பு. யாரோ ராசியான ஆள் என்று அக்கம்பக்கத்தில் பெருமையடித்தார்.

அப்போதுதான் அவர் மகள் செவ்வந்திக்கு மாப்பிள்ளை அமைந்தது. ஆவணி இருபதை விட்டால் இருவருக்கும் பொருத்தமான முகூர்த்தம் மூன்று வருஷத்துக்கு இல்லை என்று ஜோசியர் கையை விரித்தார். தன் மண்டபத்தில் தனக்கே இடமில்லை என்று தெரிந்ததும் அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடியேறினார்.

"என்னலே செஞ்சு வச்சிருக்கிய? எல்லாத்தையும் அழிங்க. இனிமே மிஷின் ஒண்ணுகூட மண்டபத்துக்குள்ள வரப்பிடாது, மனுசன்தான் வரணும். எந்தச் சோதனை ஓடினாலும், முடிஞ்சதும் இருந்தது இருந்தபடி ஆக்கிறணும். புரிஞ்சுதா?"

புரிந்தது. அதுதான் வினையே.

கல்யாணத்தன்று விடிந்ததும் மூவரும் மண்டபத்துக்குப் போய் மிக்ஸி, கிரைண்டர், மைக் செட், ஃபேன் எல்லாவற்றையும் ரோட்டோரம் இறக்கினார்கள். சமையலுக்கு வந்த தவசிப்பிள்ளை அழாக்குறையாகத் தேங்காயை அம்மியில் அரைத்தார். வாசல் கண்ணாடிக் கதவில் ஒரு சோதனையும் வைத்தாயிற்று: பேரை அடித்துவிட்டு, ஒன்பது படத்தில் மோட்டார் பைக் இருக்கிற படங்களைத் தொட்டுக் காட்டினால்தான் மனுஷன், கதவு திறக்கும். கதவும் ஒரு மிஷின்தானே என்று எபனேசருக்குச் சந்தேகம் வந்தது. அது உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை, நடுவில் இருக்கிறது என்று மாசானம் தீர்த்துவைத்தான்.

சொந்தபந்தம் ஒவ்வொருவராகத் தொட்டுக்காட்டி உள்ளே போனது. மாப்பிள்ளை இசக்கிராஜா வந்தான். பாவம், முகத்தை மறைத்து மல்லிகைச் சரம், உள்ளங்கையெல்லாம் வேர்வை. மூன்று தடவையும் சைக்கிளைத் தொட்டுவிட்டான். 'இந்தப் பெயருக்கு ஒரு மணி நேரம் அனுமதி இல்லை' என்றது கதவு.

பத்தரைக்கு முகூர்த்தம் முடிய இன்னும் இருபது நிமிஷம். மணவறையில் செவ்வந்தி, வாசலுக்கு வெளியே மாப்பிள்ளை, நடுவில் உள்ளேயிருந்தும் திறக்க முடியாத கண்ணாடி. அவனை எதிர்கொண்டழைக்க வாசலிலேயே நின்றிருந்த அண்ணாச்சியும் மூன்று தடவை ஆட்டோவைத் தொட்டு மாட்டிக்கொண்டார். "எப்படியாவது கதவத் தெறங்கலே, எம்மக வாழ்க்கை" என்று முதல்தடவையாக அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

மூவருக்கும் நெஞ்சு இளகியது. கதவைச் சோதித்துப் பார்க்கவென்று சோதனைமுத்து என்ற அந்தத் திரையில்லாத பிரவுசருக்கு மோட்டார் பைக் படங்களைக் காட்டிப் பழக்கி வைத்திருந்தார்கள். லேப்டாப்பை வாசலில் வைத்து அவனை ஓடவிட்டார்கள். ஒரே நொடி. 'நீங்கள் மனிதர்தான். வருக, சோதனைமுத்து' என்று கதவு திறந்தது. அந்தப் பேரில் மாப்பிள்ளை உள்ளே பாய்ந்தான், பின்னாலேயே அண்ணாச்சியும் பாய்ந்தார். ஒரு நிமிஷம் மிச்சமிருக்கையில் தாலி ஏறியது. அண்ணாச்சி மூவரையும் கட்டிப்பிடித்து அழுதார். முதல் பந்தியிலேயே இலை போட்டு உட்காரவைத்தார்.

பாயசம் வரைக்கும் சாப்பிட்டார்கள். பிறகு கையைக் கழுவிவிட்டு, வரிசையாக மணமக்கள் முன்னால் போய் நின்றார்கள்.

"அண்ணாச்சி," என்றான் மாசானம் பணிவாக, "இப்ப உள்ள வந்தது சோதனைமுத்து பேருலதான? அப்ப நடந்தது சோதனை. நல்லபடியா பாஸாயிட்டு. நீங்க சொன்னாப்ல இருந்தது இருந்தபடி ஆக்கணும். தங்கச்சி அந்தத் தாலிய மட்டும் கழட்டிக் குடுத்துட்டா நாங்க கெளம்பிருவோம்."

அண்ணாச்சி செருப்பைத் தேடிக் குனிந்தார்.

"கவலப்படாதீங்க," என்றான் தங்கப்பழம். "மணிக்கொரு தரம்தான? பதினொண்ணரைக்கு மாப்பிள்ள திரும்பக் கட்டுவாரு."