மூன்றாவது தோட்டா

மலையடிவார ரைபிள் கிளப்பில் சுடவும், சுட்ட தோட்டாவின் கூட்டில் மறுபடி வெடிமருந்து அடைக்கவும் கற்றுக்கொடுப்பவள் ஸ்டெல்லா. அவளுடைய சீடர் பொன்னுரங்கம், ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், அவளைவிட இருபது வயது மூத்தவர். 'குருவம்மா' என்று கிண்டலாகத்தான் கூப்பிட ஆரம்பித்தார். இரண்டே மாதத்தில் கிண்டல் போய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்டது.

மனிதர் பயந்த சுபாவம். பயப்படக் காரணமும் இருந்தது. சுட்ட வேகத்தில் பித்தளைக் கூடு உப்பிவிடும். அதை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்துதான் மறுபடி மருந்து அடைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அடிப்பக்கம் உள்ளுக்குள் மெலியும். வெளியே ஒன்றும் தெரியாது. முனை வளைத்த கம்பியை உள்ளே விட்டு இழுத்தால், மெலிந்த இடத்தில் இடறும். அந்தக் கூட்டைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். இல்லையென்றால் சுடுகிறவர் முகத்தருகே கிழியும்.

"இந்தப் பயம் உங்களுக்கு எப்பப் போச்சு, குருவம்மா?" என்று ஒரு நாள் காலையில் கேட்டார்.

ஸ்டெல்லா எழுந்தாள். அவர் முதன்முதலாகத் தயாரித்த ஐந்து தோட்டாக்களையும் எடுத்துக்கொண்டு போய்ச் சுடப் படுத்தாள். சீடர் செய்ததைக் குருவும் குரு செய்ததைச் சீடரும் சுட வேண்டும் என்பது அவள் வைத்திருந்த வழக்கம்.

முதல் தோட்டா போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவதை உள்ளே தள்ளி, துப்பாக்கிக் கட்டையில் கன்னத்தை வைத்தாள்.

"சுடாதீங்க" என்றார் பொன்னுரங்கம். அவளுக்குக் கேட்கவில்லை. மறுபடி கத்தினார்.

அவள் விரலை எடுத்துவிட்டு, தோட்டாவை வெளியே இழுத்தாள்.

ஒரு கூட்டுக்குக் கம்பி விட மறந்துவிட்டதாகச் சொன்னார். மறக்கவில்லை என்று உடனே திருத்தினார். தேய்த்ததில் புதுசுபோலப் பளபளத்தது, அதனால் பார்க்காமல் விட்டுவிட்டார். எது என்றுதான் தெரியவில்லை.

மிச்சம் மூன்றையும் பிரித்தார்கள். அவள் துப்பாக்கியிலிருந்து வெளியே இழுத்த மூன்றாவதில் கம்பி இடறியது.

பொன்னுரங்கம் அந்தக் கூட்டை வாங்கிப் பார்த்தார்.

"செய்யும்போது தோணவே இல்லைங்க. நீங்க கன்னத்த வெச்சப்பதான்..."

அவள் தன் பெட்டியைத் திறந்தாள். மருந்து அடைக்கத் தயாராக வைத்திருந்த கூடுகளில் ஒன்றை எடுத்துக் கம்பியை விட்டாள். அடுத்ததை எடுத்தாள்.

"அதையெல்லாம் நேத்தே பாத்துட்டீங்களே" என்றார் பொன்னுரங்கம்.

"ரெண்டு தடவ பாத்தேன். மத்தியானம் சுடப்போறது நீங்க."