வளையல் அளவில் ஒரு யோ-யோ

இந்தக் கதையில் தாடி சீடனுக்குத்தான் இருந்தது. குருவுக்கு வயது முப்பத்து நான்கு, பெயர் கோகிலவாணி. கோவை கணபதியில் இரண்டு லேத்துகளை வைத்துக்கொண்டு, போட்டிகளில் ஆடுகிறவர்களுக்கு அலுமினிய யோ-யோக்களை வடிவமைத்துக் கடைந்து கொடுத்தாள். சீடன் சவரிமுத்துவுக்கு ஐம்பத்தாறு. அலுமினியம் உருக்கும் பட்டறை ஒன்றில் முப்பது வருஷம் மேஸ்திரியாக இருந்து எல்லாரையும் அதட்டியவர், இரண்டு வருஷமாக இங்கே கைகட்டி நின்று படித்துக்கொண்டிருந்தார்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு மாடலோடும் பெட்டிக்குள் ஓர் அட்டை போகும். அந்த வடிவம் எதைப் பார்த்துப் பிறந்தது என்று அதில் எழுதியிருக்கும். கோகிலவாணியின் அட்டைகளில் ஒரு வரிக்கு மேல் இருக்காது. ஒன்றில் ‘ஆப்பச் சட்டியின் குழிவு’. இன்னொன்றில் ‘கூட்ஸ் வண்டிச் சக்கரம்’. அவ்வளவுதான்.

சவரிமுத்து தன் முதல் மாடலுக்கு அட்டையின் இரண்டு பக்கமும் பொடி எழுத்தில் நிரப்பிக்கொண்டு வந்தார்.

மாடலின் பெயர் ஜெசிந்தா. அவருடைய மகளின் பெயர். யோ-யோ என்றால் சோறு தண்ணீர் மறந்துவிடுகிற பெண். மாநிலப் போட்டிக்கு முந்தின நாள், அவள் கையிலிருந்த யோ-யோவைப் பிடுங்கி பட்டறையின் உருக்குச் சட்டியில் போட்டார் சவரிமுத்து. அது கரைகிற வரை அவளை அங்கேயே நிற்க வைத்தார்.

பிறகு ஜெசிந்தா வேலை கிடைத்து ஓசூர் போனாள். ஞாயிறுதோறும் பூசை முடிகிற நேரம் பார்த்துப் போன் செய்வாள். இவர் எடுக்கமாட்டார். வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்கட்டும், அப்புறம் பேசலாம் என்று வீம்பு. யார் யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது அப்போது அவர் மண்டையில் ஏறவில்லை. நான்கு வருஷம் போன் அடித்தது. ஒரு ஞாயிறு அடிக்கவில்லை. அடுத்த ஞாயிறும் அடிக்கவில்லை. இப்போது அந்த எண் புழக்கத்திலேயே இல்லை.

மகள் விட்டுப்போன கண்ணாடி வளையல் ஒன்று வீட்டில் கிடந்தது. அதன் உள்ளளவையே யோ-யோவின் விட்டமாக வைத்திருந்தார். பொய் சொல்லக்கூடாது, குறை சொல்ல இடமில்லாத வேலை.

“அம்மணி, ஒண்ணு கேக்கோணும்” என்றார். “ஆடுறவங்க எல்லாருக்கும் நம்ம சாமான் போகுது. எப்படியும் ஒருநாள் ஜெசி கைக்கும் போயிரும். இந்த அட்டையப் படிச்சா வந்துருவா இல்லீங்களா?”

கோகிலவாணி அந்த யோ-யோவின் கயிற்றை விரலில் மாட்டிக்கொண்டு வீசினாள். அது கயிற்றின் அடிக்குப் போய், அங்கேயே நின்று சுற்றத் தொடங்கியது.

“படிங்ணா, கேக்கறேன்.”

சவரிமுத்து படித்தார். பிறந்த வேளை, முதல் கொலுசு, வளையல் போட்டுக்கொண்ட திருவிழா எல்லாம் அட்டையில் இருந்தன. உருக்குச் சட்டி இல்லை. ஞாயிற்றுக்கிழமைகள் இல்லை. நடுவில் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். யோ-யோ ஆடாமல் அசையாமல் சுற்றிக்கொண்டிருந்தது. நாம் செய்தது இத்தனை நேரம் நிற்கிறதே என்று அந்தத் துக்கத்திலும் மனுஷனுக்குப் பெருமை வந்தது. பாவம், மறுபடி குனிந்து இரண்டாம் பக்கத்தைப் படித்தார்.

படித்து முடித்தபோது அவருக்குக் கண் கலங்கியிருந்தது. யோ-யோ சும்மா தொங்கியது.

கோகிலவாணி கயிற்றைக் கழற்றி அவர் விரலில் மாட்டினாள். “மேல வர வைங்ணா.”

சுண்டி இழுத்தார். ஊசலாடியதே தவிர ஏறவில்லை. இந்தக் காலத்து யோ-யோ இழுத்த இழுப்புக்கு வராது என்பது அவருக்கும் தெரியும். நடுவில் பேரிங் இருக்கிறது, இரண்டு பாதிக்கும் இடையே கயிறு ஓடும் இடுக்கு அகலம். சுற்றிக்கொண்டிருக்கும்போதே இழுப்பதை விட்டு, கயிற்றைத் தளர்த்தி ஒரு மடிப்பை உள்ளே கொடுக்க வேண்டும். அப்போது பிடித்துக்கொண்டு தானாக ஏறி வரும்.

தளர்த்தினார். மடிப்பு இடுக்குக்குள் போய்ச் சும்மா கிடந்தது. இன்னொரு முறை தளர்த்தினார். இன்னொரு முறை.

“சுத்து நின்னுபோச்சுங்களே அம்மணி” என்றார் கடைசியில். “நின்னப்புறம் எப்படிங்க வரும்?”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது. அட்டை எப்போது கீழே விழுந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்துப் பையன் போலக் கேட்டார்.

“இன்னொருக்கா வீசிப் பாக்கட்டுங்களா?”

“வீசுங்ணா” என்றாள் கோகிலவாணி. “இது யோ-யோ. எத்தன தடவ வேணும்னாலும் வீசலாம்.”