பிரேக் நல்லாத்தான் இருக்கு

"இந்த வண்டி என்னைக் கொல்லப் பாக்குது தம்பி."

ஹெல்மெட்டைக் கழற்றியதும் சுகந்தி சொன்ன முதல் வார்த்தை இதுதான்.

செங்கோடன் வண்டியைப் பார்த்தான். சிவப்பு நிறத்தில் ஒரு குட்டி ஸ்போர்ட்ஸ் பைக். காலேஜ் பையன்கள் படுத்துக்கொண்டு ஓட்டுவார்களே, அந்த ரகம். ஓட்டி வந்தவளுக்கு வயது முப்பத்தொன்பது. அரசாங்க நர்ஸ்.

அவன் பட்டறை காரவள்ளியில், கொல்லிமலை ரோடு மேலே ஏறத் தொடங்கும் இடத்தில் இருந்தது. அவனுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. பேச்சு குறைவு. அவனிடம் வண்டி விட்டவர்களில் பாதிப் பேர் அவனை ஞானி என்றார்கள். மீதிப் பேர் திமிர் பிடித்தவன் என்றார்கள். இரண்டு தரப்பும் வண்டியை மட்டும் அவனிடமே விட்டார்கள்.

"என்ன பண்ணுதுங்க சிஸ்டர்?"

"காலையில ஏறும்போது ஒண்ணும் பண்றதில்ல. சாயங்காலம் இறங்கும்போது பிரேக் போகப்போக லூசாகுது. கடைசிப் பத்து வளைவுல லிவர் கைப்பிடியோட வந்து ஒட்டிக்குது. போன வாரம் கீழிருந்து எட்டாவது வளைவுல தடுப்புச் சுவத்துல இடிச்சுத்தான் நின்னேன்."

"அப்புறம்?"

"அரை மணி நேரம் கழிச்சுப் பிடிச்சுப் பாத்தா நல்லா நிக்குது."

"வேற?"

"மணிக்கட்டும் தோளும் விட்டுப் போகுது. ராத்திரி சோறு பிசைய முடியல."

இதற்கு முன்பே மூன்று மெக்கானிக்குகள் பார்த்தாகிவிட்டது. முதல் ஆள் பிரேக் பேடு மாற்றினார். இரண்டாவது ஆள் ஆயிலும் குழாயும் மாற்றினார். மூன்றாவது ஆள் டிஸ்க்கையே மாற்றினார். கை வலிக்கு ஹேண்டில்பாரை ஓர் அங்குலம் உயர்த்தி, சீட்டுக்கு மெத்தை வைத்து, கையுறையும் வாங்கியாயிற்று. மூவரும் பஸ் ஸ்டாண்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்.

"பிரேக் நல்லாத்தான் இருக்கு சிஸ்டர்."

செங்கோடன் முன்சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்தான்.

"வித்துட்டு ஒரு ஸ்கூட்டர் வாங்கிக்கலாமுங்களே."

"விக்கறதுக்கு வழி கேக்க நான் இங்க வரல."

அவன் தலையாட்டினான். அந்தப் பதில் அவனுக்குப் பிடித்திருந்தது.

மலை மேலிருக்கும் துணை சுகாதார நிலையத்துக்கு சுகந்தி ஒருத்திதான் நர்ஸ். அங்கிருந்து கடைசி பஸ் நாலரைக்கே இறங்கிவிடும். கர்ப்பிணிகள் காட்டு வேலை முடிந்து வந்து சேருவதே ஐந்து மணிக்குத்தான். இந்த மாதம் மூன்று பேருக்கு நாள் நெருங்கியிருந்தது. வீட்டில் கணவர் தீர்த்துச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் வண்டி சரியாகாவிட்டால் கீழே மாறுதல் கேட்டுக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். இன்று புதன்.

கையெழுத்துப் போட அவளுக்குத் துளியும் மனமில்லை. அந்த மலையையும் பிடித்திருந்தது, இந்த வண்டியையும் பிடித்திருந்தது.

"சாவி குடுங்க" என்றான்.

அவன் மலை ஏறிப் போனான். சுகந்தி ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்திருந்தாள். ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தான். இறங்கிய கையோடு பாட்டிலைத் திறந்து முன் டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினான். தண்ணீர் பாட்டுக்கு வழிந்து தரையில் சொட்டியது.

"பிரேக் நல்லாத்தான் இருக்கு" என்றான்.

சுகந்திக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"அப்ப நான்தான் பொய் சொல்றனா?"

அவன் பிரேக் ஆயிலை இறக்கினான். டிகாக்ஷன் மாதிரிக் கறுத்து வந்தது.

"போன மாசம்தான் தம்பி மாத்தினது."

"தெரியுதுங்க."

புது ஆயில் ஊற்றினான். பிரேக் லிவரைச் சற்றுக் கீழே சாய்த்து முடுக்கினான்.

"மணிக்கட்டு இனி மடங்காதுங்க."

"வலி போயிருமா?"

"கொஞ்சம் போகும்."

"மிச்சம்?"

அவன் தன் பழைய பைக்கை உதைத்துக் கிளப்பினான்.

"மேல போயிட்டு வரலாம். நீங்க முன்னால போங்க. நான் பின்னால வர்றனுங்க."

மலை உச்சியில் ஒரு டீக்கடை. அவன் டீ குடித்தான். அவள் டம்ளரைத் தொடவில்லை.

"நான் என்ன பண்ணோணும்னு சொல்லு தம்பி."

"தெனமும் எப்படி இறங்குவீங்களோ அப்படியே இறங்குங்க."

அவள் இறங்கினாள். எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றையும் வாய்க்குள் எண்ணிக்கொண்டே வந்தாள். முதல் ஐம்பது வளைவுகளில் பிரேக் சொன்ன பேச்சைக் கேட்டது. அப்புறம் தோள் வலித்தது. கையில் உணர்ச்சி மரத்தது. கீழிருந்து பத்தாவது வளைவில் லிவர் பஞ்சு மாதிரி அமுங்கத் தொடங்கியது.

நின்றுவிடலாம் என்று தோன்றியது. நின்றால் வெள்ளிக்கிழமை கையெழுத்துதான். பல்லைக் கடித்துக்கொண்டு கியரைக் குறைத்தாள். பின் பிரேக்கை மிதித்தாள். போன வாரம் இடித்த சுவரை ஒரு முழ இடைவெளியில் கடந்து வந்தாள்.

பட்டறை வாசலில் காலை ஊன்றி வண்டியை நிறுத்தினாள். எஞ்சினை அணைக்கக்கூடத் தோன்றவில்லை.

செங்கோடன் பின்னாலேயே வந்து நின்றான். பாட்டிலை எடுத்து வந்து டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினான்.

சுர்ரென்று ஆவி கிளம்பியது.

"பாத்தியா தம்பி" என்றாள். அழுகையும் வந்தது, ஜெயித்த மாதிரியும் இருந்தது. "நான் பொய் சொல்லலைல்ல?"

"இல்லீங்க."

அவன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தினான்.

"மேலிருந்து இங்க வர்றதுக்குள்ள எத்தனை தடவை பிரேக் பிடிச்சீங்க?"

"எழுபது வளைவு. நடுவுல பஸ்ஸுக்கு, குரங்குக்குன்னு பிடிச்சேன். நூறு தடவை இருக்கும்."

"ஒரு தடவைங்க."

"என்னது?"

"மேல டீக்கடைகிட்ட உங்க பின் லைட்டு எரிஞ்சுது. இன்னும் அணையலீங்க."

சுகந்தி கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். பின்னால் நின்ற அவனுடைய பைக்கின் முன் விளக்குக் கண்ணாடியில் அவள் பின் லைட்டின் சிவப்பு விழுந்திருந்தது.

பிறகு தன் வலது கையைப் பார்த்தாள். வண்டி நின்று இவ்வளவு நேரமாகியும் இரண்டு விரல்கள் லிவரை இழுத்துப் பிடித்தபடியே இருந்தன.

ஒரு விரலை எடுத்தாள். வலித்தது. இன்னொன்றையும் எடுத்தாள்.

கண்ணாடியில் சிவப்பு அணைந்தது.

அவள் எஞ்சினை அணைத்துவிட்டு விரல்களை மடக்கி நீட்டினாள்.

"இருட்டறதுக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு தம்பி?"

"ரெண்டு மணி இருக்குங்க. பிடிச்சுட்டே வந்த சூட்டுல ஆயில் கொதிச்சிருக்கு, அதும் டிஸ்க்கும் அரை மணி ஆறோணும்."

"மிச்சம் ஒண்ணரை மணி இருக்கில்ல" என்று சொல்லி, சுகந்தி வண்டியை மலைப் பக்கம் திருப்பி நிறுத்தினாள்.