தீவுக் கயிறு

“ஏத்தும்போது முதுகு ஒடியுது. எறக்கும்போது கைய வீசிக்கிட்டு வரலாம். அந்தத் தீவுக்காரனுக்கு யோகம்டா!”

துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஒருவன் வேடிக்கையாகத் தன் கூட்டாளியிடம் சொன்னது இது. அந்த நேரம் பார்த்துப் பல்லக்கில் போய்க்கொண்டிருந்த அரசரின் காதில் விழுந்துவிட்டது.

வெண்ணாற்று நாடு என்ற பரந்த நாட்டைக் கீர்த்திமாறன் என்னும் அரசர் ஆண்டுவந்த காலம் அது. காலையில் ஒருவருக்கு மாலை போடுவார், மதியம் அவரையே நாடு கடத்துவார். அவரிடம் யாராவது நியாயம் எடுத்துச் சொன்னால், சொன்னதற்காகவே எதிர்ப்பக்கம் போய் நிற்பார்.

கடலுக்குள் சிறுநெய்தல் என்றொரு தீவு இருந்தது. ஒரு முனையில் கூப்பிட்டால் மறுமுனையில் கேட்கும், அவ்வளவுதான் அதன் அகலம். நெல் விளையாத மணல். ஆண்டுக்கு ஒருமுறை வெண்ணாற்று நாட்டிலிருந்து அரிசியும் துணியும் எண்ணெயும் அங்கே போகும். பதிலுக்கு அங்கிருந்து தென்னங்கயிறு வரும். வேறெதுவும் வராது.

அரசர் அன்றே சபையைக் கூட்டினார்.

“கப்பல் கப்பலாக அரிசி கொடுத்து நாம் வாங்குவது என்ன?”

கருவூலத் தலைவர் வாணராயர் இதற்காகவே காத்திருந்தவர்போல எழுந்தார். அரசர் எதற்கெடுத்தாலும் மந்திரி இளநாகரைக் கேட்பது அவருக்கு நெடுநாள் எரிச்சல். “தேங்காய் நார், அரசே! நம் ஊரில் அடுப்பெரிக்கும் நார்! இந்த வணிகத்தை ஏற்பாடு செய்தவர் மந்திரியார்.”

சபை சிரித்தது. அரசர் சிரிக்கவில்லை.

“இனி அரிசி போகாது. அந்தத் தீவின் கயிறு ஒரு முழம்கூட என் நாட்டில் இருக்கக்கூடாது. மந்திரியாரே, நீர் ஏற்பாடு செய்ததை நீரே ஒழித்துக்கட்டும். நாளைக் காலை முகத்துவாரத்தில் எல்லாவற்றையும் கொளுத்தும். படகில் வந்து பார்க்கிறேன்.”

மந்திரி வணங்கிவிட்டு வெளியே வந்தார். எதிர்த்துப் பேசினால் காரியம் இன்னும் கெடும் என்று அவருக்குத் தெரியும்.

சபைக்கு வெளியே தீவிலிருந்து கயிறு கொண்டுவந்த நெய்தலி நின்றிருந்தாள். தீவுத் தலைவரின் தங்கை.

“மந்திரியாரே, காற்று திரும்பப் போகுது. அப்புறம் அடுத்த வருஷம்தான் கப்பல் வரமுடியும். எங்க பிள்ளைங்க இப்பவே கரையில நின்னு பாய் தெரியுதான்னு பார்த்துக்கிட்டிருக்கும். நான் வெறுங்கையோட போய் என்ன சொல்லுவேன்?”

“தெரியவில்லை, அம்மா” என்றார் மந்திரி. கொஞ்ச தூரம் போனவர் திரும்பி வந்தார். “நாளைக்கு அரசரின் படகில் நீயும் ஏறு. இடுப்பில் ஒரு சுருள் கயிறு இருக்கட்டும். தெரியும்படி வைக்காதே.”

மறுநாள் படகு புறப்பட்டது. அரசர் நடுவில், வாணராயர் அவருக்கு அருகில், நெய்தலி கடைசியில். ஆறு கடலைத் தொடும் இடம் வந்தது. இரு கரையும் தூரத்தில் இருந்தன. மந்திரி குனிந்து ஒரு சிறு கத்தியை எடுத்தார். படகின் அடிப்பலகையில் பூசியிருந்த பிசினைச் சுரண்டினார். அவருக்கு நீந்தத் தெரியாது.

“என்னய்யா செய்கிறீர்?” என்றார் அரசர்.

“தங்கள் ஆணையைத்தான் நிறைவேற்றுகிறேன், அரசே.” பிசினுக்கு அடியிலிருந்து ஒரு கயிற்றை அறுத்து உருவினார். பலகைகளுக்கு நடுவே தண்ணீர் கொப்பளித்தது. “இது தீவுக் கயிறு. இந்தப் படகில் இன்னும் நிறைய இருக்கிறது.”

வாணராயர் காலைத் தூக்கிக்கொண்டார். “பைத்தியமா உமக்கு? ஆணியடித்த படகில்லையா இது?”

“ஆணி உப்பில் துருப்பிடிக்கும், வாணராயரே. நம் நாட்டுக் கப்பல்கள் எல்லாமே கயிற்றால் தைத்தவை. மேலே பூச்சு இருப்பதால் ஏறி உட்காருகிறவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.” இன்னொரு தையல் போயிற்று. தண்ணீர் அரசரின் கணுக்காலைத் தொட்டது.

“நம் ஊர்க் கயிற்றால் தைத்துக்கொண்டால் போகிறது!” என்று கத்தினார் வாணராயர்.

“நானும் அப்படித்தான் நினைத்தேன்.” மந்திரி மடியிலிருந்து ஒரு கயிற்றை எடுத்துக் கொடுத்தார். “நம் ஊர் நார்தான். ஒரு மழைக்காலம் கடலில் கிடந்தது. இழுத்துப் பாருங்கள்.”

வாணராயர் இழுத்தார். கயிறு ஊறிய அவல்போலக் கையோடு வந்தது.

“நம் மட்டை ஆற்றுத் தண்ணீரில் ஊறுகிறது. அவர்கள் மட்டை மாதக்கணக்கில் உப்பங்கழியில் ஊறுகிறது. அதனால் கடல்நீர் அந்தக் கயிற்றை ஒன்றும் செய்வதில்லை.” சொல்லிக்கொண்டே மந்திரி மூன்றாவது தையலில் கத்தியை வைத்தார். துடுப்புக்காரர்கள் துடுப்பை விட்டுவிட்டுக் கைகளால் தண்ணீரை இறைத்தார்கள்.

“நிறுத்தும்!” அரசர் எழுந்தார், படகு சாய்ந்தது, உட்கார்ந்துவிட்டார். “தைக்கச் சொல்லும்! உடனே!”

“தைக்கலாம், அரசே. ஆனால் கயிறு தடை செய்யப்பட்ட பொருளாயிற்றே.”

“தடையை நீக்கினேன்!”

“அரிசிக்கும் சேர்த்தா, அரசே?”

“எல்லாவற்றுக்கும்தான்! தையும் ஐயா!”

அடுத்த கணம் நெய்தலி முழங்கால் தண்ணீரில் மண்டியிட்டிருந்தாள். இடுப்பிலிருந்த கயிறு துளைகளில் ஏறி இறங்கியது. பல்லால் கடித்து இறுக்கினாள். கொப்பளிப்பு கசிவாகி, கசிவும் நின்றது. அரசர் குனிந்து அந்தத் தையலை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, கரை வரும்வரை, விட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே இருந்தார்.

கரையில் தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரியின் கழுத்தில் போட்டார். “மூழ்கடித்துச் சொன்னால்தான் எனக்குப் புரிகிறது. வேறென்ன வேண்டும், கேளும்.”

நனைந்த வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்த மந்திரி வானத்தைப் பார்த்தார். “இன்று பொழுது சாய்வதற்குள் அரிசி ஏற வேண்டும், அரசே. காற்று தளர்ந்துவிட்டது, இனித் திரும்பிவிடும். வணிகம் இல்லை என்று நேற்றே மூட்டை தூக்குகிறவர்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.”

“ஆள் குறைகிறதா?” அரசர் மெல்லத் திரும்பினார். “வாணராயரே, உங்கள் தோள் எப்படி?”

வாணராயர் மந்திரியைப் பார்த்தார். நெய்தலியைப் பார்த்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். பட்டு அங்கவஸ்திரத்தை மடித்துத் தலையில் சும்மாடாக வைத்து, ஒரு மூட்டையை ஏற்றிக்கொண்டு, பலகை வழியே கப்பலுக்குள் நடந்தார்.